பஞ்சாங்கம் கேட்ட பெட்டி



உங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் ஒரு பஞ்சாங்கம் இருக்கும். கலியாணத்துக்கு நாள் பார்க்க வேண்டுமா, குழந்தைக்குக் காது குத்த வேண்டுமா, புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டுமா, முதலில் அதைத்தானே எடுத்துப் புரட்டுகிறோம்? எந்த நாளில் எந்தக் கோள் எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே கணித்து அச்சடித்து விடுகிறார்கள். வானத்தை அண்ணாந்து பாராமலே வானத்து நடப்பு நமக்குத் தெரிந்துவிடுகிறது.

நான் இன்று எழுத வந்திருப்பதும் ஒரு பஞ்சாங்கத்தைப் பற்றித்தான். இதைப் புரட்டுகிறவர் ஐயரும் இல்லை, பூசாரியும் இல்லை. தீப்பெட்டி அளவே உள்ள ஒரு சிறு கருவி. பஞ்சாங்கத்தை ஊட்டிவிட்டால், செம்பனை மரத்தடியில் வைத்தாலும் சில விநாடிகளில் தான் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறது. ஊட்டாவிட்டால் அரை மணி நேரம் காத்திருந்தாலும் வாய் திறப்பதில்லை. "டீச்சருக்கு வேறு வேலை இல்லையா, பெட்டிக்குப் பஞ்சாங்கம் படிக்கிறாராம்" என்று சிரிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது.

புக்கிட் செலம்பாவ் வட்டாரத்தில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியை. பிறந்து வளர்ந்தது பக்கத்துத் தோட்டத்து லயத்தில். அப்பா பால் வெட்டினார். அம்மாவும் வெட்டினார், பிற்பாடு களை எடுத்தார். இன்று அந்த லயம் இல்லை, ரப்பர் மரமும் இல்லை. 1990-ஆம் ஆண்டுகளில் ரப்பரைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். சனங்கள் சுங்கைப்பட்டாணி, பீடோங் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். மாரியம்மன் கோயிலைக்கூடப் பெயர்த்துக் கொண்டுபோய் ரோட்டோரம் வைத்துக்கொண்டோம். பெயர்த்துக் கொண்டுபோக முடியாத ஒன்று மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. அதுதான் இடுகாடு.

தோட்டத்து இடுகாடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிமெண்டு பூசிய கல்லறை நாலைந்து இருந்தால் பெரிது. அவை கிராணி வீட்டாருடையதாகவோ, மண்டோர் வீட்டாருடையதாகவோ இருக்கும். மற்றதெல்லாம் மண்மேடு, தலைமாட்டில் ஒரு மரக்கட்டை. கட்டையில் பெயரைத் தாரினால் எழுதியிருப்பார்கள். நாலைந்து மழைக்காலத்தில் பெயர் போய்விடும், பத்தாவதில் கட்டையும் போய்விடும். தீபாவளிக்கு முன்னால் குடும்பம் குடும்பமாய் வந்து புல் வெட்டி, விளக்கேற்றிப் படைத்துவிட்டுப் போவோம். படைக்க வருகிறவர்கள் குறையக் குறைய, மேடுகளும் தரையோடு தரையாகிவிட்டன.

2022-ஆம் ஆண்டு அந்த நிலம் கைமாறியது. வாங்கியவர் பெயர் இங்கே வேண்டாம். வீடமைப்பு வரப்போகிறது என்று காதில் விழுந்ததும், தோட்டத்துப் பழைய ஆட்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து போய்க் கேட்டோம். மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்கள். வரைபடத்தை மேசையில் விரித்து, "எங்கள் பிளானில் இடுகாடு என்று எதுவும் இல்லையே, எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்றார் அங்கிருந்த இளைஞர். எங்களோடு வந்திருந்த முன்னாள் மண்டோர் தாத்தா எழுந்து, "ஏழாம் நம்பர் காட்டுல தம்பி, பழைய பால் கொட்டகைக்குப் பின்னால, ஆத்தோரம்" என்றார். பாவம், அந்தப் பிள்ளைக்கு ஏழாம் நம்பர் காடும் தெரியாது, பால் கொட்டகையும் தெரியாது. இரண்டுமே இப்போது இல்லை. அவர் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று: "கோஆர்டினேட் இருக்கா அங்கிள்?"

அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத்தான் கேட்டார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உருண்டையை வைத்துக் கோடு காட்டிச் சொல்லிக் கொடுக்கிற எனக்கு, அந்தக் கோடு நம் இடுகாட்டின் மேலும் ஓடுகிறது என்ற எண்ணம் அன்றுதான் உறைத்தது.

"கைப்பேசியில்தான் எல்லாம் இருக்கிறதே, அதை எடுத்துப் பார்த்தால் ஆயிற்று" என்று நீங்கள் சொல்வீர்கள். நாங்களும் அதைத்தான் முதலில் செய்தோம். இடுகாடு இருப்பது ஆற்றோரப் பள்ளம். மேலே செம்பனை மட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அங்கே லைன் கிடைக்காது. கைப்பேசியின் நீலப் புள்ளி பெரிய வட்டமாகி, ஆற்றுக்கு அக்கரையிலும் இக்கரையிலுமாக ஊசலாடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் படிக்கும் என் பழைய மாணவன் தன் பொழுதுபோக்குக் கருவியைக் கொண்டு வந்தான். சுவிட்சர்லாந்தில் உள்ள யு-பிளாக்ஸ் நிறுவனத்தின் நியோ-6எம் என்ற ஜி.பி.எஸ். வாங்கி அது. ஒரு சிறு பச்சைப் பலகை, அதோடு சதுர பிஸ்கட் துண்டு போன்ற பீங்கான் ஏரியல். இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. இடம் கண்டுபிடித்துவிட்டால் அதில் ஒரு சிறு விளக்கு விநாடிக்கு ஒரு முறை கண் சிமிட்டும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நாற்பது நிமிடம் நின்றோம். விளக்கு சிமிட்டவே இல்லை. கொசுதான் எங்களைக் கண்டுபிடித்தது.

"செத்துப்போச்சா தம்பி?" என்றேன்.

"சாகல டீச்சர். வானத்துல என்ன பேசுறாங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. முழுசாக் கேக்க முடியல" என்றான்.

அவன் விளக்கியதையும், பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன். கொஞ்சம் கணக்கு வரும். நம் அப்பா அம்மாக்கள் தாள் இல்லாமலே பேர்க்கணக்கும் பால்கணக்கும் போட்டவர்கள், ஆகவே பயப்பட வேண்டாம்.

பூமிக்கு மேலே 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் முப்பதுக்கும் மேற்பட்டவை சுற்றிக்கொண்டிருக்கின்றன. முதலாவதை 1978-இல் ஏவினார்கள். ஒவ்வொன்றும் ஒரு நாளில் ஏறக்குறைய இரண்டு சுற்று சுற்றும். காலையில் பால் வெட்டப் போனவர் நண்பகலில் திரும்புவதற்குள் அது பூமியைப் பாதி சுற்றிவிடும். ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் இருக்கிறது. "இப்போது மணி இது" என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டே போகும். ஒளி விநாடிக்கு 300,000 கிலோமீட்டர் ஓடுவதால், நேர் உச்சியில் உள்ள கோளின் அறிவிப்பு நம்மை வந்தடைய ஒரு விநாடியில் ஆயிரத்தில் 67 பங்கு ஆகிறது. எவ்வளவு தாமதம் என்று அளந்தால் எவ்வளவு தூரம் என்று தெரியும். மூன்று கோள்களின் தூரம் தெரிந்தால் நிற்கும் இடம் தெரியும். பெட்டியில் உள்ளது மலிவான கடிகாரம் ஆகையால், அதைத் திருத்த நாலாவது கோள் ஒன்றும் வேண்டும். பத்து இலட்சத்தில் ஒரு பங்கு விநாடி பிசகினால் 300 மீட்டர் பிசகும் என்றால் பாருங்களேன்!

ஆனால் தூரம் மட்டும் தெரிந்து என்ன பயன்? அந்தக் கோள் அந்த நேரத்தில் எங்கே இருந்தது என்பதும் தெரிய வேண்டும் அல்லவா? அதற்குத்தான் பஞ்சாங்கம். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எல்லாக் கோள்களும் தோராயமாக எங்கே இருக்கும் என்ற பொதுக் கணக்கு. ஆங்கிலத்தில் இதை 'அல்மனாக்' என்கிறார்கள். பஞ்சாங்கம் என்பதற்கு உள்ள அதே சொல்தான். இது பல வாரங்களுக்குப் பயன்படும். மற்றொன்று, ஒரு கோள் தன்னைப் பற்றித் தானே சொல்லும் நுணுக்கமான நடப்புக் கணக்கு. அதன் பெயர் 'எபிமெரிஸ்'. இது ஏறத்தாழ நாலு மணி நேரத்துக்குத்தான் செல்லும். அப்புறம் பழைய சோறு.

இந்தக் கணக்குகளையும் கோள்களே வானத்திலிருந்து ஒலிபரப்புகின்றன. அந்த ஒலிபரப்பின் வேகம் விநாடிக்கு 50 பிட். கணினியில் ஒரு தமிழ் எழுத்துக் குறிக்கு 24 பிட் செலவாகும். அப்படியானால் விநாடிக்கு இரண்டு குறிதான்! முதல் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோளின் நடப்புக் கணக்கைக் கேட்க 18 விநாடி ஆகும். அதை 30 விநாடிக்கு ஒரு முறை திருப்பித் திருப்பிச் சொல்லும். பொதுப் பஞ்சாங்கம் முழுவதையும் கேட்டு முடிக்கப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். திறந்த வெளியில் இதெல்லாம் சிரமமே இல்லை. அரை நிமிடத்தில் விளக்கு சிமிட்டத் தொடங்கிவிடும். மரத்தடியில்தான் வம்பு. மட்டை அசைகிறது, ஒரு சொல் விட்டுப்போகிறது. விட்டுப்போன பகுதிக்கு அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். அடுத்த சுற்றில் வேறொரு சொல் விட்டுப்போகிறது. மழை பெய்து இலை நனைந்திருந்தால் இன்னும் மோசம்.

இதில் நான் வியந்தது ஒன்று உண்டு. தூரத்தை அளப்பதற்கு மிக மெல்லிய ஓசையே போதும். கணக்கைப் படித்தறியத்தான் தெளிவான ஓசை வேண்டும். பிரட்டுக் களத்தில் மண்டோர் கூப்பிடும் சத்தம் லயத்துக் கடைசி வீடு வரைக்கும் கேட்கும். கூப்பிடுவது யார் என்று தெரியும், என்ன சொல்கிறார் என்றுதான் புரியாது. எங்கள் பெட்டியும் அந்தக் கடைசி வீட்டில்தான் இருந்தது. என்ன சொல்கிறார் என்பதை முன்பே ஒருவர் எழுதிக் கையில் கொடுத்துவிட்டால் போதும், சத்தம் வந்த நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு மற்றதை அது பார்த்துக்கொள்ளும். இப்படி முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதைத்தான் 'துணைத் தகவல்' என்கிறார்கள்.

நம் கைப்பேசிகள் இதைக் காதும் காதும் வைத்தாற்போல் எப்போதும் செய்துகொண்டிருக்கின்றன. கோபுரத்தின் வழியாகப் பஞ்சாங்கத்தை இறக்கிக்கொள்கின்றன. லைன் இல்லாத பள்ளத்தில் அவை தடுமாறுவதும் அதனால்தான். இந்த ஏற்பாடு பரவியதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. கைப்பேசியிலிருந்து அவசர உதவிக்கு அழைப்பவர் எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டும் என அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம் 1996-இல் விதி செய்தது. தோட்டத்து உட்புறத்திலிருந்து ஆம்புலன்சுக்கு வழி சொல்லித் தொண்டை வற்றிய அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது! அந்த விதியின் அருமை நமக்குச் சொல்லாமலே தெரியும்.

சரி, எங்கள் பெட்டிக்கு யார் எழுதிக் கொடுப்பது? இணையத்தில் எடுக்கலாம். கோள்களின் கணக்கை அன்றாடம் திரட்டிப் பொதுமக்களுக்கு வழங்கும் அனைத்துலக அமைப்புகள் உள்ளன. யு-பிளாக்ஸ் நிறுவனமும் பதிவு செய்தவர்களுக்குக் கொடுக்கிறது. இன்னும் பல நாளுக்குச் செல்லும் முன்கணிப்புகூட உண்டு. நாங்கள் தேர்ந்தெடுத்தது அதைவிட எளிய வழி, பிள்ளைகளும் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய வழி. பெட்டியையே கேட்டு எழுதச் சொல்லி, எழுதியதைப் பெட்டிக்கே திருப்பிக் கொடுப்பது!

காலை 7 மணிக்குப் பள்ளித் திடலின் நடுவில் ஒரு மேசையைப் போட்டுப் பெட்டியை வைப்போம். மேலே மரம் இல்லை, கூரை இல்லை. கால் மணி நேரம் சும்மா விட்டால் பொதுப் பஞ்சாங்கத்தையும், தலைக்கு மேல் உள்ள கோள்களின் நடப்புக் கணக்கையும் கேட்டு முடித்துவிடும். பிறகு மடிக்கணினியிலிருந்து "நீ அறிந்ததை எல்லாம் சொல்" என்று ஒரு கட்டளை. பெட்டி வரிசையாக ஒப்பிக்கும். அதை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்வோம். ஒவ்வொரு செய்தியும் 181, 98 என்ற இரண்டு எண்களோடு தொடங்கும். கடிதத்துக்குப் பிள்ளையார் சுழி மாதிரி. கடைசியில் இரண்டு எண் கூட்டுக்கணக்கு. பால் கொட்டகையில் கிராணி ஒவ்வொருவர் பாலையும் எழுதிக் கடைசியில் மொத்தத்தைச் சரிபார்ப்பாரே, அது போலத்தான். மொத்தம் ஒத்துவராத செய்தியைப் பெட்டி ஏற்காது, சத்தமில்லாமல் தள்ளிவிடும்.

அந்தக் கருவிப் பலகையிலேயே நினைவைக் காக்கச் சிறு மின்கலம் ஒன்று உண்டே, அப்புறம் ஏன் இந்தப் பாடு என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். மலிவுப் பலகை அல்லவா? வந்தபோதே அந்த மின்கலத்துக்கு உயிர் இல்லை. செம்மண் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் குலுங்கிப் போய்ச் சேர்வதற்குள் கம்பி ஒரு முறையாவது விட்டுவிடும். அவ்வளவுதான், படித்தது அத்தனையும் மறந்துவிடும்.

இடுகாட்டுக்குப் போய்ப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தவுடன் திருப்பி ஊட்ட வேண்டும். முதலில் இரண்டு சேதி: இப்போது மணி என்ன, ஏறத்தாழ எங்கே இருக்கிறாய்.

மணி சொல்வதில் கவனம் வேண்டும். காலையில் சேமித்த கோப்பில் காலை மணி இருக்கும். அதையே திருப்பிக் கொடுத்தால் பெட்டி காலை வானத்தையே தேடிக்கொண்டிருக்கும். ஆகவே புதிதாக எழுத வேண்டும். அதுவும் மலேசிய நேரம் உதவாது, எட்டு மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். ஜி.பி.எஸ். கடிகாரம் 1980 ஜனவரி 6-ஆம் நாள் ஓடத் தொடங்கியது. அன்று முதல் உலகக் கடிகாரத்தில் அவ்வப்போது சேர்த்த விநாடிகளை அது சேர்க்கவில்லை. அதனால் இப்போது 18 விநாடி முந்தி ஓடுகிறது. அதையும் கூட்ட வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது அப்பாவின் நினைவு வந்தது. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்பம் முழுவதும் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள். அதற்குப் பிறகும் பல காலம் லயத்தில் "பழைய மணியா, புது மணியா?" என்று கேட்டுக்கொள்வார்களாம். "மரத்துக்கு எந்த மணியும் தெரியாதும்மா, வெயில் ஏறுனா பால் நின்னுடும்" என்பார் அப்பா.

இன்னொன்றும் உண்டு. சொல்லும் மணியில் எவ்வளவு பிசகு இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னால் "இரண்டு விநாடி முன்பின் இருக்கலாம்" என்று உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். துல்லியம் என்று பீற்றிக்கொண்டால் பெட்டி அதை நம்பித் தப்பான இடத்தில் தேடி, முன்னைவிடத் தாமதமாகும். இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு இந்தப் பெட்டியைப் பிடித்துப்போயிற்று.

இடம் சொல்வது சுலபம். புக்கிட் செலம்பாவ் என்றால் வடக்கே 5.7 பாகை, கிழக்கே 100.6 பாகை வாக்கில். பல கிலோமீட்டர் பிசகினாலும் பாதகமில்லை, எந்தக் கோள் தலைக்கு மேலே, எது அடிவானத்துக்குக் கீழே என்று பிரித்துக்கொள்ள அதுவே போதும். அக்காலத்து மாலுமிகளுக்கு ஜெராய் மலை இருந்ததைப் போலத்தான். 1,217 மீட்டர் உயரத்தில் கடலோரமாக எழுந்து நிற்கும் அந்த மலை கண்ணில் பட்டதும், கடாரத்துக் கரை வந்துவிட்டது என்று கப்பல்காரர்களுக்குத் தெரியும். பிறகு துறைமுகத்துக்கு நுணுக்கமாக வழி பார்த்துக்கொள்வார்கள். மகாநாவிகன் புத்தகுப்தன் என்ற மாலுமித் தலைவன் பயணம் கைகூட வேண்டி எழுதி வைத்த கல்லொன்று நமக்குத் தெற்கே, அன்றைய வெல்லஸ்லி மாகாணத்தில், 1834-இல் கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமை அதற்கு. இடம் தெரியாத தவிப்பு அவ்வளவு பழையது.

மணியும் இடமும் சொன்ன பிறகு கோப்பில் உள்ள கணக்குகளை ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டும். கம்பி வழியாக விநாடிக்கு 9,600 பிட் போகும். ஒரு கோளின் நடப்புக் கணக்கு ஒரு விநாடியில் எட்டில் ஒரு பங்கு நேரத்தில் உள்ளே போய்விடும். எல்லாம் சேர்ந்து மூன்று நாலு விநாடி. பன்னிரண்டரை நிமிடப் பாடத்தை மூன்று நாலு விநாடியில் ஒப்பித்துவிடுகிறோம்! இரண்டாம் ஞாயிறு 8.20 மணிக்கு அந்த மரத்தடியில் என் மாணவன் விசையைத் தட்டினான். ஐந்தாறு எண்ணுவதற்குள் விளக்கு சிமிட்டியது. கூட வந்திருந்த ஆறாம் வகுப்புப் பையன்கள் போட்ட கூச்சலில் மரத்தில் இருந்த குரங்குகள் இறங்கி ஓடின.

அதற்குப் பிறகுதான் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன்.

எனக்கு முன்னே ஓர் அக்காள் இருந்தாள். 1974-இல், இரண்டு வயதில், காய்ச்சலில் போய்விட்டாள். நான் அவளைப் பார்த்ததில்லை. அவளுக்குக் கல்லும் இல்லை, கட்டையும் இல்லை. அம்மாவுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அடக்கம் செய்த இடத்தை அவர் ஒரே ஓர் அடையாளத்தால் மனத்தில் வைத்திருந்தார்: "கிணத்தடியில நின்னு, மலையைப் பாத்தாப்புல பன்னண்டு எட்டு."

கிணறு இருக்கிறது. சிமெண்டு வளையம் பாசி பிடித்துக் கிடக்கிறது. மலைதான் இல்லை. அதாவது, செம்பனை அதை முற்றாக மறைத்துவிட்டது. ரப்பர் காலத்தில் நிரைக்கு நடுவே ஜெராய் தெரிந்திருக்கிறது. இப்போது நாலு பக்கமும் பச்சைச் சுவர். அம்மா கிணற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "எந்தப் பக்கம்டி இருந்துச்சு?" என்று என்னையே கேட்டார்.

பெட்டியைக் கிணற்றின் வளையத்தின் மேல் வைத்தோம். கிணற்றின் எண்கள் வந்தன. ஜெராய் மலை உச்சியின் எண்கள் எந்த வரைபடத்திலும் உண்டு. இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால், கிணற்றிலிருந்து மலை எந்தத் திசை என்பது கிடைத்துவிடும். மாணவன் அங்கேயே போட்டான். வடமேற்கு. பிறகு பள்ளிக்கூடத்துத் திசைகாட்டியை எடுத்தோம். நம் வட்டாரத்தில் காந்த ஊசி காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் ஒரு பாகைகூட வித்தியாசம் இல்லை. இருபது கிலோமீட்டர் வாக்கில் உள்ள மலைக்குத் திசை பார்க்கும்போது பெட்டியின் நாலைந்து மீட்டர் பிசகும் ஒரு பொருட்டே இல்லை. ஒரு கயிற்றைப் பிடித்து அந்தத் திசையில் நேராக இழுத்துக் கட்டினான்.

அம்மா கயிற்றோரமாக நடந்தார். பன்னிரண்டு எண்ணி நின்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னும் மூன்று எட்டு வைத்தார். "அப்ப என் காலு எட்டு பெருசு" என்றார். அந்த இடத்தில் ஒரு செம்பனையின் வேர் மேடாகப் புடைத்திருந்தது. அவர் அழவில்லை. தரையில் கிடந்த பழுத்த மட்டையை இழுத்து அப்பால் போட்டுவிட்டு, "எழுதிக்கோ" என்றார்.

எழுதிக்கொண்டேன். தசமத்துக்குப் பிறகு ஐந்து இலக்கம். ஐந்தாவது இலக்கம் ஒன்று மாறினால் தரையில் ஒரு மீட்டர் மாறுகிறது என்று அர்த்தம். அம்மா அந்த எண்களைத் தனித் தாளில் எழுதி வாங்கித் தம் பணப்பையில் மடித்து வைத்துக்கொண்டார்.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டுமானால், இந்தப் பெட்டி ஒவ்வொரு குழியையும் பிரித்துக் காட்டாது. திறந்த வெளியில் இரண்டரை மீட்டர் அளவுக்குச் சரியாகச் சொல்லும் என்கிறது அதன் குறிப்பேடு. மரத்தடியில் ஐந்து மீட்டர், சில வேளை பத்துகூடப் பிசகும். குழிகளோ இரண்டு மீட்டருக்கு ஒன்று. அதனால் நாங்கள் ஒரு வழி செய்தோம். இடுகாட்டின் நான்கு மூலை, கிணறு, ஆற்றுத் திருப்பம், சிமெண்டுக் கல்லறைகள் ஆகியவற்றில் மட்டும் பெட்டியை ஒரு மணி நேரம் வைத்து, விநாடிக்கு விநாடி வரும் எண்களின் சராசரியை எடுத்தோம். மற்ற மேடுகளை அங்கிருந்து அளவு நாடா பிடித்து அளந்து தாளில் குறித்தோம். இது சட்டப்படியான நில அளவை ஆகாது. அதற்கு உரிமம் பெற்ற அளவையர் வர வேண்டும். நம் நில அளவைத் துறையின் நிலையங்களிலிருந்து வரும் திருத்தத் தகவலைக் கொண்டு அவர்கள் சென்டிமீட்டர் கணக்கில் அளப்பார்கள். நாங்கள் எல்லை வழக்குப் போடவில்லை. "எங்கே?" என்று கேட்டவருக்கு "இங்கே" என்று காட்ட ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான்.

இந்த எண்கள் நமக்கு இலவசமாகக் கிடைப்பதும் எப்போதும் இருந்த வழக்கம் இல்லை. முதலில் இது இராணுவத்துக்கான ஏற்பாடு. 1983 செப்டம்பர் முதல் தேதி கொரிய விமானம் ஒன்று வழி தவறிச் சோவியத் எல்லைக்குள் போய்ச் சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான், இது தயாரானதும் பொதுமக்களுக்கும் கிடைக்கும் என்று அமெரிக்க அதிபர் ரீகன் அறிவித்தார். அப்போதும் பொதுமக்களுக்கான ஓசையில் வேண்டுமென்றே பிசகைக் கலந்து வைத்திருந்தார்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் அதை நிறுத்தினார்கள். அதற்கு முன் ஏறத்தாழ நூறு மீட்டர் முன்பின் சொல்லும். நூறு மீட்டர் என்றால் எங்கள் இடுகாடு ஆற்றில் போய் விழுந்திருக்கும்!

தமிழ்நாட்டிலும் இதை ஒட்டிய ஒரு செய்தி உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது கன்னியாகுமரி மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். கைப்பேசி எட்டாத தூரம், புயல் எச்சரிக்கை அவர்களைச் சேரவில்லை. எத்தனையோ வீடுகளில் விளக்கு அணைந்தது. அதற்குப் பின் 2019-இல் இந்தியாவில் 'ஜெமினி' என்ற சிறு கருவியை அறிமுகப்படுத்தினார்கள். புயல், பேரலை எச்சரிக்கையை 'ககன்' செயற்கைக்கோள் வழியே வாங்கி, படகில் உள்ளவர் கைப்பேசிக்குக் கொடுக்கும். லைன் இல்லாத இடத்தில் இருப்பவனுக்குச் சேதியை எப்படிச் சேர்ப்பது என்பதுதான் அங்கேயும் கேள்வி.

இதுவரை அறுபத்தொரு மேடுகளுக்கு எண் எழுதியிருக்கிறோம். அவற்றில் பெயர் தெரிந்தவை முப்பத்துநாலு. தாளைக் கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டு, தங்கள் அளவையரை அனுப்பிப் பார்க்கிறோம் என்றார்கள். இந்த முறை மேசையில் வரைபடத்தை விரித்தபோது, அந்த இளைஞர் எங்கள் எண்களைத் தட்டிப் பார்த்துத் தாமாகவே பென்சிலால் ஒரு கட்டம் போட்டார். அளவையர் இன்னும் வரவில்லை. அவர் வருவதற்குள் மீதி மேடுகளையும் முடித்துவிட நினைக்கிறோம்.

அந்தத் தோட்டத்தில் இருந்து போனவர்கள், அல்லது போனவர்களின் பிள்ளைகள், இதைப் படித்துக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். ஞாயிறு காலை 7 மணிக்கு எங்கள் பள்ளித் திடலுக்கு வாருங்கள். 7.30-க்குள் பஞ்சாங்கம் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவோம். நடப்புக் கணக்கு பழசாவதற்குள், காலையில் தலைக்கு மேல் இருந்த கோள்கள் இறங்குவதற்குள், 10 மணி வாக்கில் வேலையை முடித்தாக வேண்டும். நீளக்கை சட்டை போட்டுக்கொள்ளுங்கள், கொசு அதிகம். ஒரு பாராங் கத்தி இருந்தால் எடுத்து வாருங்கள். இறந்தவர் பெயரும் தேதியும் சரியாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எந்தக் கல்லிலிருந்து எத்தனை எட்டு என்று வீட்டுப் பெரியவர்கள் யாராவது சொல்லக் கேட்டிருந்தால், அதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.